இருபதடிக்குள் இருந்தவை

கோணவரையில் பனிமூட்டம் காலை பதினொரு மணிக்கு விலகிவிடும். மலை உண்டான நாளிலிருந்து அது அப்படித்தான் விலகிக்கொண்டிருந்தது, அமலோற்பவம் அதைப் பார்த்து நோட்டில் எழுதிவைத்த நாள்வரைக்கும். அதற்கப்புறம் அது விலகவேயில்லை. மேல்சரிவுப் புல்வெளியில், உச்சிவெயிலிலும் சாயங்காலத்திலும், காற்றடித்தாலும் மழையடித்தாலும், ஓர் ஆள் உயரத்துக்கு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. கோணவரைக்காரர்கள் இரண்டு நாள் பார்த்தார்கள், மூன்றாம் நாள் மாடுகளின் கழுத்தில் கொஞ்சம் பெரிய மணியாகப் பார்த்துக் கட்டிவிட்டு, பூண்டு பிடுங்கப் போய்விட்டார்கள்.

அமலோற்பவம் கெட்ட எண்ணத்தில் எழுதியவள் இல்லை. எழுதுவது அவள் வேலை. மலைக்குக் கீழே நாலு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு கல்லூரியில், காய்ந்த செடிகளைக் கெட்டித்தாளில் ஒட்டி இரும்பு அலமாரிகளில் அடுக்கிவைக்கும் கூடத்தில், பதினாறு வருஷமாக அவள் மற்றவர்கள் பறித்து வந்த செடிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். புதுச்செடி ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் வேரிலிருந்து விதைவரை விவரம் எழுதி வெளியிடுகிறவருடைய பெயர், உலகம் உள்ளவரை அந்தச் செடியின் பெயருக்குப் பின்னாலேயே நிற்கும். அப்படி நின்ற எத்தனையோ பெயர்களுக்கு அவள் பசை தடவியிருக்கிறாள். அவளுடைய பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. நாற்பத்திரண்டு வயதாகியும் அண்ணன் வீட்டு மாடியறையில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே படுத்துக்கொண்டு, தனக்கென்று ஒரு செடி கிடைக்காதா என்று அவள் ஏங்கியது வெளியே யாருக்கும் தெரியாது.

அந்தக் கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் எழுதிய ஒரு குறிப்புச் சீட்டைப் பேராசிரியர் ஞானதிரவியம் எல்லாருக்கும் முன்னால் தூக்கிப் பிடித்து, "எந்தச் சரிவுன்னு எழுதல, பக்கத்துல என்ன வளர்ந்துச்சுன்னு எழுதல. இது செடி இல்லம்மா, வைக்கோல்" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சுட்ட சூடு அவளுக்கு ஆறவே இல்லை. அதிலிருந்து எங்கே எந்தச் செடியைப் பார்த்தாலும், அதைச் சுற்றி இருபதடிக்குள் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும், 'உடன் காணப்பட்டவை' என்று தலைப்புப் போட்டு, ஒன்று விடாமல் எழுதிவிடுவாள். மற்றவர்கள் இரண்டு புல்லின் பெயரை எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிற இடத்தில், அவள் எறும்புப் புற்று வரைக்கும் எழுதிக்கொண்டிருப்பாள். அதற்காக அவளைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது.

ஐப்பசியில் வேறு யாருடைய ஆராய்ச்சிக்கோ புல் எண்ணுவதற்காகத்தான் அவளைக் கோணவரைக்கு அனுப்பினார்கள். ஊர்த்தலைவரை அந்த மலையில் மண்ணாடி என்பார்கள். மண்ணாடி நல்லண்ணன் தன் வீட்டில் பூண்டு காயவைக்கும் அறையை அவளுக்கு ஒழித்துக்கொடுத்தார். மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் தொங்க, கீழே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் புல்லை வைத்து அழுத்திப் பலகையால் இறுக்கிக்கட்டி, ஒன்பது நாள் அவள் புல் எண்ணினாள். பத்தாம் நாள் மேல்சரிவில் அந்தச் செடியைப் பார்த்தாள்.

முதலில் அது, மலையில் கால் வைத்த இடமெல்லாம் முளைத்துக்கிடக்கும், மாடுகூடத் தின்னாத ஊதாப்பூச் செடி என்றுதான் நினைத்தாள். பழக்க தோஷத்தில் குனிந்து கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்தால், இதழின் உள்பக்கம் முழுக்க வெள்ளிப் பொடியாக மயிர் முளைத்திருந்தது. ஊதாப்பூவுக்கு அது கிடையாது. விதையைப் பிதுக்கிப் பார்த்தாள். ஊதாப்பூவின் விதை உருண்டை, இது படகுபோல நடுவில் விளிம்பு கட்டியிருந்தது. பதினாறு வருஷம் ஒட்டிய இரண்டு லட்சம் தாள்களையும் மனசுக்குள் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, அது எதிலும் இல்லை என்று தெரிந்ததும், அவள் புல்லில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்து எழுதினாள்:

'ஒரு முழ உயரம். பூ ஊதா, இதழின் உள்பக்கம் வெள்ளி மயிர். ஐம்பது செடிகள். கோணவரை மேல்சரிவு; வேறெங்கும் இல்லை. உடன் காணப்பட்டவை: கற்றைப்புல், குறிஞ்சிப் புதர் இரண்டு, பனிமூட்டம், மேயும் எருமை மூன்று, மேய்ப்பவள் ஒருத்தி, கர்ப்பிணி, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், கைபேசியில் பேசியபடி. சேகரித்தவர்: சூ. அமலோற்பவம்.'

மேய்ப்பவள் நாகஜோதி. பூண்டு மூட்டை ஏற்றும் மலைச்சாமியின் மனைவி, ஏழு மாதம், முதல் பிள்ளை. காக்கிச் சட்டைக்காரர் மினிபஸ் ஓட்டும் சிக்கந்தர். அந்த ஊரில் மேல்சரிவில் மட்டும்தான் கைபேசிக்கு ஒரு கோடு சிக்னல் கிடைக்கும் என்பதால், வத்தலக்குண்டில் இருக்கும் மனைவி ரஹ்மத்தோடு பேச அவர் தினமும் அங்கே ஏறி வருவார். இரண்டு பேரும் அவள் எழுதுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு செடியைப் பறித்துப் போய் அழுத்தி, கெட்டித்தாளில் ஒட்டி, அதே குறிப்பை அதன் அடியிலும் எழுதிவைத்தாள்.

சனிக்கிழமை அவள் பஸ் ஏறினாள். பஸ் ஊரை விட்டு இறங்கி, எருமைக்கொம்பு வளைவு என்று பெயர்பெற்ற முதல் கொண்டைஊசியில் திரும்பி, நேராகக் கோணவரையின் மேல்முனையில், பாதையே இல்லாத புல்லுக்குள்ளிருந்து, மறுபடியும் ஊருக்குள் வந்து நின்றது. சிக்கந்தர் கைபேசியைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, "இரு ரஹ்மத்து, வந்த ஊருக்கே வந்துட்டேன் போல" என்றார். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்கள். நாலாவது தடவை, காலிஃபிளவர் மூட்டையோடு வந்த ஒரு பெண், "சுத்துனதையே சுத்துறதுக்கு நான் என்ன செக்குமாடா?" என்று இறங்கி நடந்தாள், அவள் மட்டும் வளைவைத் தாண்டிச் சுலபமாகப் போய்விட்டாள். பின்னாலேயே எல்லாரும் இறங்கிப் போனார்கள். சிக்கந்தரும் அமலோற்பவமும் நடந்தபோது மட்டும், வளைவு அவர்களைத் திருப்பி ஊரின் மேல்முனையில் கொண்டுவந்து விட்டது.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழைக்கு ஒழுகுகிற கூரையை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு டிரைவரை நிறுத்தினார்கள். சிக்கந்தர் வளைவுவரை ஓட்டிக் கொடுப்பார், அங்கே இறங்கிக்கொள்வார், மற்றவர் ஏறி ஓட்டிப் போவார். சிக்கந்தரின் கைபேசிப் பேச்சோ முடியவேயில்லை. அவர் துண்டித்தாலும் துண்டிக்காது, சார்ஜும் இறங்காது; ரஹ்மத் கீழே வெங்காயம் அரிவதும், பிள்ளைகளை அதட்டுவதும், அண்டைவீட்டுக்காரியிடம் இவரைப் பற்றியே குறை சொல்வதும் அவர் காதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் தூக்குச்சட்டியில் பிரியாணியோடு ஏறி வந்து, எதிரே உட்கார்ந்துகொண்டு கைபேசியிலேயே அவரோடு பேசுவாள். மலைச்சாமி எருமைகளை விற்றான். வாங்கியவன் லாரியில் ஏற்றிப் போன ஒரு மணி நேரத்தில் மூன்றும் மேல்சரிவில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. செடிகள் ஐம்பதும் ஐம்பதாகவே இருந்தன. பிள்ளைகள் பத்தைப் பிடுங்கினால் மறுநாள் ஐம்பது, எருமை மிதித்தால் ஐம்பது, எப்போது எண்ணினாலும் ஐம்பது.

நாகஜோதிக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "டீச்சரக்கா," என்றாள் ஒருநாள், "அன்னைக்கு அங்கன நின்னவுக மட்டுந்தான மாட்டியிருக்கோம்? நோட்டுல எங்களையும் எழுதுனீகளே, என்ன எழுதுனீக?"

அமலோற்பவம் வாசித்துக் காட்டினாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் தேய்ந்தது. அன்றிலிருந்து ஊரில் அவர்களுக்கு நோட்டுக்காரங்க என்று பெயர் வந்துவிட்டது. கோயில் பொங்கலில் நோட்டுக்காரர்களுக்கென்று தனிப் பானை வைத்தார்கள். பனிமூட்டத்துக்கும் ஒரு கைப்பிடி பொங்கல் எடுத்துவைத்தார்கள்.

மண்ணாடி மட்டும் காரியத்தைப் பேசினார். "எழுதுனது தப்புன்னா ஒரு கோடு போட்டு அடிச்சுற வேண்டியதுதான தாயி?"

அவள் அளவுகோல் வைத்து, நாகஜோதியும் சிக்கந்தரும் எருமைகளும் இருந்த வரியை அடித்தாள். மறுநாள் பஸ் அதே புல்லுக்குள்ளிருந்து திரும்பி வந்தது. செடி ஒட்டும் கூடங்களில் குறிப்பை அடிக்கவோ கிழிக்கவோ யாருக்கும் உரிமை கிடையாது. அடித்தாலும் அது அடித்ததாகக் கணக்கில்லை. அங்கே வேறொரு வழி உண்டு. பின்னால் வருகிற ஒருவர், இந்தச் செடி நீங்கள் சொல்கிற செடி இல்லை என்று நினைத்தால், பழைய குறிப்பைத் தொடாமல், அதன் கீழே கட்டைவிரல் அகலத்தில் ஒரு திருத்தச் சீட்டை ஒட்டி, இது இன்ன செடி என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுவார். சில பழைய தாள்களில் அப்படி ஐந்தாறு சீட்டுகள் வரிசையாக நின்று சண்டைபோடுவதை அவள் பார்த்திருக்கிறாள்.

"வேற வழி ஏதும் இருக்கா தாயி?" என்று கேட்டார் மண்ணாடி.

"இல்லீங்கய்யா," என்றாள் அமலோற்பவம்.

பொய். சீட்டுக் கட்டு அவள் பையிலேயே இருந்தது. ஆனால் சீட்டில் என்ன எழுத முடியும்? இது புதுச்செடி இல்லை, வெறும் ஊதாப்பூதான் என்று எழுத வேண்டும். ஐம்பது என்று எழுதியதற்காக ஐம்பதாகவே நிற்கிற செடி, ஊதாப்பூ என்று எழுதினால் ஊதாப்பூவாகவே ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. வெள்ளி மயிர் போய்விடும். படகு விதை போய்விடும். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவளுக்கென்று வந்த ஒரே ஒன்று போய்விடும். இத்தனைக்கும் பேராசிரியர் ஞானதிரவியம், அவள் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். "அமலோற்பவம், இது புதுசுதான். உன் பேர்லதான் வரும். தாளைக் கொண்டு வந்து அலமாரியில வைம்மா, அடுத்த மாசமே வெளியிட்டுரலாம்" என்றார். தாளை இன்னொரு டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள். உறை வெறுமையாகப் போய்ச்சேர்ந்தது, தாள் அவள் பலகைக்குள்ளேயே இருந்தது.

அதனால் அவள் பொறுத்திருந்தாள். ஏதாவது வழி பிறக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சோலைக்காட்டின் வழியாக, ஓடையைப் பிடித்து, கிழக்கே, மேற்கே என்று கால் போன போக்கில் இறங்கிப் பார்த்தாள். எந்தப் பக்கம் இறங்கினாலும் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும், பார்த்தால் ஏறிக்கொண்டிருப்பாள், நிமிர்ந்தால் பனிமூட்டமும் ஐம்பது பூக்களும் நிற்கும். அண்ணன் வீட்டு மாடியறை, கூடத்தின் பசை வாசம், லொடலொடவென்று சுற்றும் மின்விசிறி, எதையெல்லாம் சலித்துக்கொண்டாளோ அதையெல்லாம் நினைத்து மனசு அடித்துக்கொண்டது. உலகம் பூராவும் திறந்துகிடக்க, அவளுக்கு மட்டும் அது ஒரு பூண்டு அறையும் ஒரு சரிவுமாகச் சுருங்கிப்போனது.

தை பிறந்தது. நாகஜோதிக்குப் பத்து மாதம் நிறைந்தது. வலி வரவில்லை. மாசியில் பதினோராம் மாதம், பங்குனியில் பன்னிரண்டு. கர்ப்பிணி என்று எழுதப்பட்டவள் கர்ப்பிணியாகவே இருந்தாள். ஊர் இதற்கும் ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டது. ஒற்றைப்படை மாதம் வரும்போதெல்லாம் இன்னொரு வளைகாப்பு நடத்தினார்கள். ஒன்பதில் நடந்தது, பதினொன்றில் நடந்தது, பதின்மூன்றில் நடந்தபோது இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல் ஏறி, அவள் மாடு அதட்டக் கையை வீசினாலே கோயில் மணி அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. எட்டுவகைச் சோறு கிண்டிக் கிண்டி ஊரில் புளிக்குத் தட்டுப்பாடு வந்தது. உள்ளே பிள்ளை வளர்ந்துகொண்டே போனது. வெளியே யாராவது தும்மினால் வயிற்றுக்குள் தூக்கிப்போட்டது, பஸ் ஹாரன் கேட்டால் அந்தப் பக்கமே திரும்பியது. மலைச்சாமி அதோடு பேசப் பழகிக்கொண்டான். ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அதற்கு வாய்ப்பாடு சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாகஜோதி மட்டும் நாளுக்கு நாள் வெளுத்துப்போனாள். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் நடக்க முடியாது. எருமைகள் அவளைச் சுற்றி நிற்க, அவள் பனிமூட்டத்துக்குள் ஒரு பாறையில் சாய்ந்து கிடப்பாள். அமலோற்பவம் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள்.

ஆனி மாதத்தில் நர்சம்மா ஏறி வந்து, வயிற்றில் கருவியை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். "உள்ள எடம் இல்ல," என்றாள். "புள்ள மடங்கிக் கெடக்கு. துடிப்பு இறங்கிட்டே வருது. இன்னும் ஒரு வாரம் தாங்குறதே பெருசு. ஆபரேஷன்தான், கீழ கொண்டு வாங்க."

"டாக்டரை மேல கூட்டிட்டு வந்தா?" என்றான் மலைச்சாமி.

"டாக்டர் வருவாருப்பா. ஆபரேஷன் ரூமு வருமா?"

ஜீப்பில் மெத்தை போட்டு அவளைப் படுக்கவைத்து இறங்கினார்கள். வளைவு அவர்களை மேல்முனையில் விட்டது. திரும்ப இறங்கினார்கள். திரும்ப வந்தார்கள். மலைச்சாமி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையே இல்லாத சரிவில் இறங்கினான்; முள்ளில் கிழிபட்டு, மூச்சிரைத்து, ஐம்பது பூக்களுக்கு நடுவில் வந்து முட்டி போட்டு விழுந்தான். ஊரே நின்றது. அத்தனை நாளும் எதற்கும் ஒரு வழி பண்ணிக்கொண்ட ஊருக்கு இதற்கு வழி தெரியவில்லை.

அமலோற்பவம் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். நாகஜோதி வளையல் கையை நீட்டி அவளைக் கூப்பிட்டாள்.

"டீச்சரக்கா, இது உள்ளயே கெடந்து செத்துரும்க்கா. நான் மேல சும்மா எருமையத்தான மேய்ச்சேன்? நீங்க எழுதுனதுதான. நீங்களே வேற எதாச்சும் எழுதுங்கக்கா."

"எழுதுறேன்," என்றாள் அமலோற்பவம். "அப்பவே எழுதியிருக்கணும். எனக்குத் தெரியும் நாகு. கார்த்திகையிலயே தெரியும். மனசு வரல."

நாகஜோதி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அமலோற்பவம் பூண்டு அறைக்குப் போய்த் தாளை எடுத்துக்கொண்டு மேல்சரிவுக்கே வந்தாள். முதலில் ஞானதிரவியத்துக்குப் போன் போட்டாள். யாருக்கும் தெரியாமல் சீட்டு ஒட்டிவிட்டு, பின்னால் மனசு மாறித் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது என்று பயந்தாள்.

"சார், அந்தச் செடி புதுசு இல்ல சார். சாதாரண ஊதாப்பூதான்."

"என்னம்மா சொல்ற? அந்த மயிரு?"

"லென்ஸ்ல பஞ்சு ஒட்டியிருந்துச்சு சார்."

"பதினாறு வருஷம் பசை மட்டுமே தடவுனா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் மண்டி போட்டு உட்கார்ந்தாள். முறைப்படி, தீர்ப்பு எழுதுகிறவர் செடியை இன்னொரு தடவை கண்ணால் பார்த்தாக வேண்டும். வில்லையை வைத்துப் பார்த்தாள். வெள்ளி மயிர் அத்தனையும் அவள் மூச்சுக் காற்றுக்கு அசைந்தது. என்னை மன்னிச்சிரு என்று வாய்விட்டே சொன்னாள். சீட்டில், 'இது சாதாரண ஊதாப்பூ. புதிது அல்ல' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒட்டினாள். அவள் ஒட்டிய இரண்டு லட்சம் தாள்களில் அவ்வளவு கோணலாக எதையும் ஒட்டியதில்லை.

பனிமூட்டம் கழன்றது. எட்டு மாதமாக நின்ற இடத்திலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, சோலைப்பக்கம் போயிற்று. சிக்கந்தரின் காதில் ரஹ்மத் ஏதோ பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அணைந்தது. அவர் அதை வெறித்துப் பார்த்துவிட்டு, ஜீப்பை நோக்கி ஓடினார். நாகஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், அந்தக் கத்தலில் ஒரு வரிசை வளையல் உடைந்தது. ஜீப் வளைவில் திரும்பியது. ஊர் முழுக்க மேல்முனையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜீப் வரவில்லை. ஒரு நாழிகை கழித்துக் கீழ்ப்பாதையிலிருந்து ஹாரன் சத்தம் மெல்லியதாகக் கேட்டது, ஊர் ஒரே குரலில் ஓவென்று கத்தியது. சாயங்காலம் செய்தி வந்தது: பெண் குழந்தை, தலை நிறைய முடி, வாயில் இரண்டு பல், பிறந்ததும் ஹாரன் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்ததாம்.

மேல்சரிவில் ஐம்பது என்கிற கணக்கு போய், எங்கு பார்த்தாலும் ஊதாப்பூ முளைத்துக் கிடந்தது. அமலோற்பவம் ஒவ்வொன்றாக வில்லையில் பார்த்தாள். எல்லாம் வழுவழுப்பாக, மொட்டையாக இருந்தன.

சனிக்கிழமை பஸ் வந்தபோது, ஊரே அவளை வழியனுப்ப வந்தது. மண்ணாடி ஒரு கட்டுப் பூண்டு கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. செடி புதிது இல்லை என்று ஆகிவிட்டால், அதனோடு அன்று யார் நின்றார்கள் என்பது வேண்டாத சங்கதி. எருமையும் டிரைவரும் கர்ப்பிணியும் அதோடு கழன்றுபோனார்கள். ஆனால் தாள் தாள்தான். திருத்தச் சீட்டு செடியின் பெயரை மாற்றும். சேகரித்த இடத்தையும் சேகரித்தவர் பெயரையும் எந்தச் சீட்டாலும் மாற்ற முடியாது. பதினாறு வருஷத்தில் அப்படி மாற்றிய ஒரு தாளை அவள் பார்த்ததில்லை. பஸ் எருமைக்கொம்பு வளைவில் திரும்பியது. அவள் புல்லில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்குச் சிக்கந்தர் அவளுடைய பையையும் பூண்டுக் கட்டையும் மேலே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கீழ ஏதாச்சும் வாங்கணும்னா சொல்லுங்க மேடம்" என்றார்.

"பென்சில் மட்டும் வேண்டாம்," என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள், ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தார்.

ஊர் அவளையும் எடுத்துக்கொண்டது. பூண்டு அறைக்கு ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், பூண்டுக் கட்டுகளுக்குத் தரம் பிரித்தாள், கிறிஸ்துமஸுக்கு அண்ணன் குடும்பம் ஏறி வந்து இரண்டு நாள் தங்கிப் போனது. நோட்டில் மட்டும் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் போன பிறகு கொஞ்ச நேரம் வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதை யாரும் கேலி செய்வதில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஐப்பசியில், நாகஜோதி எருமைகளோடு மேல்சரிவுக்கு வந்தாள். பிள்ளை புல்லுக்குள் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. அமலோற்பவம் பாறைக்குப் பின்னால் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். பாறை இடுக்கில், ஒரு முழ உயரத்தில், ஊதாவாக ஒரே ஒரு செடி. வில்லையே தேவைப்படவில்லை. வெயில் பட்டு இதழுக்குள் வெள்ளி மின்னியது. காம்பைத் தொட்டாள், முற்றிய காய் ஒன்று வெடித்து, படகுபோன்ற விதைகள் அவள் உள்ளங்கையில் விழுந்தன.

எழுதினால் பெயர் வரும், பேராசிரியர் வாயடைத்துப்போவார், அவள் பெயர் உலகம் உள்ளவரை இந்தப் பூவுக்குப் பின்னால் நிற்கும். எழுதினால்தான் அது செடி, எழுதாவிட்டால் வைக்கோல். அவளுடைய கை தன்னாலேயே இடுப்பில் பென்சிலைத் தேடியது. கண்ணும் பழக்கத்தில், தன்னாலேயே, இருபதடியைச் சுற்றி அளந்தது: கற்றைப்புல், எருமை மூன்று, நாகஜோதி, இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, ஓடியபடி.

"என்னக்கா அங்கன, அப்படிப் பாக்குறீக?" என்றாள் நாகஜோதி.

அமலோற்பவம் விதைகளைப் பாறை இடுக்கிலேயே ஊதிவிட்டாள். எழுந்து, பூ தெரியாதபடி அதற்கு முன்னால் பாறையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஓடி வந்த பிள்ளையைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல நாகு," என்றாள். "புல்லு."